பசி–நிறைவு உணர்வும் குழந்தைகளின் உணவுப்பழக்கமும்: திருகோணமலை மாவட்டம்

பசியெடுப்பதையும் வயிறு நிறைந்ததையும் குழந்தை தானே உணர்ந்து, அதன்படி உண்ணத் தொடங்குவதும் நிறுத்துவதும் பசி–நிறைவு உணர்வு எனப்படும். இது பிறவியிலேயே வருவது. வீட்டார் ஊட்டும் விதத்தால் கூர்மையாகவும் மழுங்கவும் கூடியது. கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த திருகோணமலை மாவட்டத்தில் பல வீடுகளின் அடுப்பெரியும் நேரத்தைக் கடலும் வயலும் நாட்கூலியும் தீர்மானிக்கின்றன. ஆகவே இங்கு இவ்வுணர்வு குழந்தையின் வயிற்றோடு நின்றுவிடும் விடயமல்ல.

உடலில் நிகழ்வது

இரைப்பை காலியாகும்போது கிரெலின் என்ற ஓமோன் சுரந்து மூளைக்குப் பசியை உணர்த்துகிறது. இது 1999இல் யப்பானிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. உண்ணத் தொடங்கியபின் இரைப்பை விரிவதை நரம்புகளும், உணவு குடலை அடைந்ததைக் குடல் ஓமோன்களும் மூளைக்கு அறிவிக்கின்றன. இதற்கு ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். அவசர அவசரமாக உண்ணும் பிள்ளை, நிறைந்ததை உணருமுன்பே அளவைத் தாண்டிவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் லியான் பேர்ச்சும் குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், 2 முதல் 5 வயதுவரையான 15 பிள்ளைகள் ஒவ்வொரு வேளையும் உண்ட அளவு பெரிதும் ஏறி இறங்கியது; நாள் முழுவதற்குமான கூட்டுத்தொகையோ பெரிதாக மாறவில்லை. காலையில் புட்டைத் தொடாத பிள்ளை மத்தியானம் அதை ஈடுசெய்துகொள்ளும் என்று பாட்டிமார் சொல்வது வெறும் சமாதானமல்ல. இந்தத் திறன் வயதோடு தேய்வதையும் அவரது குழு காட்டியது. 2000ஆம் ஆண்டு ஆய்வொன்றில் கூடுதலாகப் பரிமாறியபோது மூன்று வயதினர் வழக்கமான அளவே உண்டனர். ஐந்து வயதினர் தட்டில் இருந்ததற்கேற்ப அதிகம் உண்டனர்.

ஊட்டும் முறை

திருகோணமலையில் கைக்குழந்தைக்குச் சோறு தீத்துவது பெரும்பாலும் தாயின் அல்லது அம்மம்மாவின் வேலை. சோற்றைச் சொதிவிட்டுக் குழைத்து, பாரைத் துண்டில் முள் பார்த்து எடுத்து, சிறு உருண்டையாக வாயில் வைப்பார்கள். குழந்தை முகத்தைத் திருப்புகிறது, உதட்டை இறுக்குகிறது, சோற்றைக் கன்னத்தில் அடக்கிவைக்கிறது. மூன்றும் நிறைவின் அடையாளங்கள். ஆனால் அப்போதுதான் முற்றத்துக் காகம் காட்டப்படுகிறது, இப்போது பல வீடுகளில் கைத்தொலைபேசிக் காணொளி. கவனம் திரும்பியதும் வாய் தன்பாட்டில் திறக்கும். மேலும் நாலு வாய் உள்ளே போகும். அன்பினால் நடப்பதுதான். இருந்தாலும் நாள்தோறும் நடக்கையில், நிறுத்தும் நேரத்தை வயிற்றுக்குப் பதிலாகக் கோப்பை முடிவுசெய்யக் குழந்தை பழகுகிறது. குழந்தையின் சைகையைப் பார்த்து, பொறுமையாக, வற்புறுத்தாமல் ஊட்டுவதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

மறுபுறம், பசியை உணரவும் பழக்கம் வேண்டும். அழுத போதெல்லாம் பிஸ்கட்டோ இனிப்புத் தேநீரோ கொடுத்தால் சலிப்பு, தூக்கம், பசி மூன்றும் குழந்தைக்கு ஒன்றாகிவிடும். கிண்ணியா, மூதூர் போன்ற முஸ்லிம் ஊர்களில் றமழான் மாதத்தில் கடமையில்லாத சிறுவரும் பாதி நாள் நோன்பு பிடித்துப் பார்ப்பதுண்டு. பசியைப் பெயர்சொல்லி அறியவும், கஞ்சிக்காகக் காத்திருக்கவும் வாய்க்கும் அனுபவமாக அதைக் கருதலாம். கட்டாயப்படுத்தினால் அந்தப் பயன் போய்விடும்.

பள்ளி வயதை அடையுமுன்பே இவ்வுணர்வைத் திரும்பப் பழக்கலாம். அமெரிக்காவில் ஆய்வாளர் சூசன் ஜோன்சன் 2000இல் வெளியிட்ட ஆறுவாரப் பயிற்சி ஆய்வில், வயிறு வெவ்வேறு அளவில் நிரப்பப்பட்ட பொம்மைகளைக் கொண்டு முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பசியும் நிறைவும் விளக்கப்பட்டன. பயிற்சிக்குப் பின் அவர்கள் தம் உணவளவைச் சரிசெய்துகொள்வதில் மேம்பட்டனர்.

வறுமையும் பசியும்

பிள்ளையின் வயிற்றையே நம்பலாம் என்ற அறிவுரைக்கு எல்லையுண்டு. குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ் 1926இல் தொடங்கிய சோதனையில் 15 குழந்தைகள் தாமே உணவைத் தெரிந்தெடுத்து நலமாக வளர்ந்தனர். அவர்கள் முன் வைக்கப்பட்டவையோ பதப்படுத்தாத இறைச்சி, மீன், தானியம், காய், பழம், பால் போன்றவையே, சீனி இல்லை. வெற்றியின் இரகசியம் அந்தப் பட்டியலில்தான் என்று டேவிஸே ஒப்புக்கொண்டார். பாணும் சீனித் தேநீருமே கிடைக்கும் வீட்டில் வயிறு நிறையும், ஊட்டம் நிறையாது.

2022இன் பொருளாதார நெருக்கடியில் இந்த எல்லை வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகளுக்குத் தொழிலுக்குப் போவதே கட்டுப்படியாகவில்லை. மீன் கரைசேராவிட்டால் வீட்டில் வருமானமும் இல்லை, கறியும் இல்லை. இப்படி உணவு ஒருநாள் இருந்து மறுநாள் இல்லாது போகும்போது, கிடைத்தபோதே வயிறுமுட்ட உண்ணும் பழக்கம் பிள்ளையிடம் உருவாகலாம்.

நெருக்கடிக்கு முன்பே, 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வில் இலங்கையின் ஐந்து வயதுக்குட்பட்டோரில் சுமார் 15 வீதத்தினர் உயரத்துக்கேற்ற எடையின்றி இருந்தனர். 1973இல் தொடங்கிய திரிபோஷ, சோளமும் சோயாவும் கலந்த மா, நிறை குறைந்த குழந்தைகளுக்குக் கிளினிக்குகள் வழியே கிடைக்கிறது. கிளினிக்கில் எடைக்கோடு தட்டையாகும் பிள்ளையைப் பற்றி, “பசியே எடுக்குதில்லை” என்று தாய் சொல்வதை நிறைவின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாகாது. காய்ச்சல், வயிற்றோட்டம், குடற்புழு, நாகச்சத்துக் குறைவு ஆகியவையும் பசியை அடக்கும். கடுமையான போசாக்குக் குறைபாட்டுக்கான சர்வதேச நடைமுறையில் பசிச் சோதனை ஒரு படியாகவே உள்ளது: கொடுக்கும் சிகிச்சை உணவைப் பிள்ளை விரும்பி உண்டால், வேறு சிக்கல் இல்லாதபோது, வீட்டிலிருந்தே தேற்றலாம், மறுத்தால் வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டும்.