'சபாபதி'யின் இரு சபாபதிகள்: நகைச்சுவை மரபும் வடவெல்லை நாடகச் சூழலும்

தொல்காப்பியப் பாயிரம் வேங்கட மலையைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகச் சுட்டுகிறது. அம்மலையடியில் அமைந்த திருப்பதியும் அதற்குத் தென்மேற்கேயுள்ள சித்தூரும் 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தன. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன் சித்தூர் நகரமே வடார்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிர்வாக எல்லைகள் இவ்வாறு மாறி வந்திருக்க, நாடக, திரைப்பட வரலாறு எழுதுவோர் இன்றைய எல்லைக் கோட்டை அன்றைய மேடையின் மீதும் வரைந்துவிடுகின்றனர். அதனால் நேரும் இழப்பை, 1941இல் வெளிவந்த 'சபாபதி' என்னும் முழுநீள நகைச்சுவைப் படத்தைக் கொண்டு இக்கட்டுரை நோக்க முற்படுகிறது.

'சபாபதி' பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றிய அவரைத் தமிழ் நாடகத் தந்தை என்று போற்றுகிறோம். ஆயின் அவரை நாடகத்தின்பால் ஈர்த்தது ஒரு தெலுங்குக் குழுவே என்பதை அழுத்திச் சொல்வோர் சிலரே. பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லுவின் சரச வினோதினி சபையார், கற்றோரும் மேடையேறலாம் என்பதைக் காட்டினர். அதன் விளைவாக 1891இல் தோன்றியதே சுகுண விலாச சபை. அச்சபை தமிழோடு தெலுங்கிலும் பிற மொழிகளிலும் நாடகங்கள் நடத்தியது. சித்தூரிலும் இவ்வகைச் சபை ஒன்று இருந்தது. அங்கிருந்த ராம விலாச சபையில் நடித்துப் பெயர் பெற்றவரே சித்தூர் வி. நாகையா.

இப்பின்னணியோடு படத்தை அணுகுதல் தகும். ஏ. வி. மெய்யப்பன், ஏ. டி. கிருஷ்ணசாமி ஆகிய இருவரும் இதனை இயக்கினர். மெய்யப்பன் அதற்கு முந்தைய ஆண்டில் 'பூகைலாஸ்' என்னும் தெலுங்குப் படத்தைத் தயாரித்து வெற்றி கண்டவர். புராணக் கதைகளும் பாடல்களும் மிகுந்திருந்த அந்நாளில், சமகால வீடொன்றையும் பள்ளிக்கூடத்தையும் களமாகக் கொண்டு சிரிப்பை மட்டுமே நம்பி ஒரு படம் எடுப்பது துணிச்சலான செயல். செல்வர் வீட்டு மகனான சபாபதி முதலியாராக டி. ஆர். ராமச்சந்திரனும், வேலைக்காரன் சபாபதியாகக் காளி என். ரத்தினமும் நடித்தனர். கே. சாரங்கபாணி தமிழாசிரியராகத் தோன்றினார். அவர் படும் பாடு, நம் துறையினர் சற்று நெளிந்துகொண்டே சிரிக்க வேண்டியது.

இருவர் இணைந்து நிகழ்த்தும் நகைச்சுவை என்றவுடன் லாரல், ஹார்டி இணையை எடுத்துக்காட்டி, மேனாட்டுச் செல்வாக்கு என்று முடித்துவிடும் போக்கு உண்டு. அது போதாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை என்பவற்றோடு பேதைமை, மடன் என்பவற்றையும் கூறுகிறது. பின்னிரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் உரைமரபு அவற்றை வேறுபடுத்தும். பேதைமையாவது அறியாமை. மடனாவது பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல். 'சபாபதி'யின் கட்டமைப்பு இவ்வேறுபாட்டின் மீதே நிற்கிறது எனலாம். தேர்வில் தேறாத முதலியார் பேதைமைக்கு இலக்கியம். வேலைக்காரனோ சொன்னதைச் செய்பவன். சொன்னதை மட்டும், சொல்லின்படியே செய்பவன். அவனிடம் உள்ளது மடன்.

அகப்பொருளில் மடம் தலைவிக்குரிய நற்பண்பாகப் பேசப்படுவது. நகைக்களத்தில் அதே பண்பு ஏவலாளனிடம் வந்து சேர்கிறது. இங்கே ஒரு சமூக உண்மையும் புலப்படுகிறது. ஏவுபவன் தன் கருத்து முழுவதையும் சொல்வதில்லை. எஞ்சியதை ஏவலாளன் உய்த்துணர வேண்டும் என எதிர்பார்க்கிறான். அவன் உய்த்துணர மறுத்துச் சொல்லை மட்டும் நிறைவேற்றினால், முழுமையான கீழ்ப்படிதலே அதிகாரத்தைச் செல்லாததாக்கிவிடும். இருவர்க்கும் பெயர் ஒன்றே என்பது இந்நகையைக் கூர்மையாக்குகிறது. ஒருவனிடமிருந்து மற்றவனைப் பிரிப்பது 'முதலியார்' என்னும் பின்னொட்டு மட்டுமே. ஆசிரியர் சாதிப் பெயரைக் கண்டிக்க எண்ணி இதனை எழுதினார் என்று கொள்வது மிகையாகும். எனினும் நாடகம் தன் ஆசிரியரின் எண்ணத்தைக் கடந்து பேசுவதும் உண்டு.

நடிகர் தேர்விலும் ஒரு நயம் உள்ளது. காளி என். ரத்தினம் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வாத்தியாராக இருந்து பலருக்கு நடிப்புக் கற்பித்தவர், எம். ஜி. இராமச்சந்திரனும் அக்கம்பெனியில் வளர்ந்தவரே. பிறருக்கு வாத்தியாராக இருந்தவர், எதையும் சொல்லுக்குச் சொல் பற்றிக்கொள்ளும் வேலைக்காரனாக நின்றார். கற்றோர் சபைக்காக எழுதப்பட்ட நாடகம், கூலிக்கு நடித்த பாய்ஸ் கம்பெனிக் கலைஞரின் உடலில் உயிர் பெற்றது. படம் இன்றும் சலிக்காமைக்கு உரையாடலினும் இச்சேர்க்கையே காரணம் என்பது என் கருத்து.

அதே 1941இல் 'அசோக்குமார்' என்னும் தமிழ்ப் படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரோடு நாகையா அசோகராக நடித்தார். என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் ஆகியோரின் நகைச்சுவை இணையும் அப்படத்தில் உண்டு. பல்லாரிக் குழுவால் தூண்டப்பெற்ற சென்னைச் சபையின் நாடகமும், சித்தூர்ச் சபையின் நடிகரும் ஒரே ஆண்டில் தமிழ்த் திரையில் தோன்றியதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆனால் இரண்டிற்கும் விளைநிலம் ஒன்றே. தெலுங்குத் திரை வரலாறு நாகையாவைத் தன்னவர் என்கிறது. தமிழ் வரலாறு சம்பந்த முதலியாரைத் தன்னவர் என்கிறது. இருவரையும் ஈன்ற இருமொழி மேடை எவருடைய நூலிலும் முழுமையாக இடம்பெறவில்லை.

திருப்பதி திருவேங்கடவன் பல்கலைக்கழகத்திலும் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் பயில்வோருக்கு இந்நகைச்சுவை ஒரு மொழிப்பாடமுமாகும். கோலிச் சோடாவைத் தமிழில் 'உடைத்து'த் தருவர். வேலைக்காரச் சபாபதி போன்ற ஒருவன் கேட்டால் புட்டியையே உடைத்துவிடுவான். தெலுங்கில் சோடாவைக் 'கொட்டி'த் தருவர். அங்கே கொட்டுதல் என்பது அடித்தல். வினைச்சொல் வேறு, ஆயினும் சித்தூர்க் கடைத்தெருவில் எம்மொழியில் ஏவினாலும் அவன் கையில் அந்தப் புட்டி தப்பாது.