செயற்கூறு அறிவிப்பு முரண் (சி மொழி)

ஒரே பெயருள்ள செயற்கூறுக்கு ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு அறிவிப்புகள் சி நிரல் ஒன்றில் சேர்ந்து வருவது அறிவிப்பு முரண் எனப்படும். பெரும்பாலும் ஒன்று இயங்குதளத்தின் ஹெடர் கோப்பில் இருக்கும்; மற்றது நிரலாளர் தாமே எழுதியது. பல யூனிக்ஸ் வகைகளில் ஓடவேண்டிய நிரல்களைக் கட்டுபவர்களுக்கு இது பழகிய தலைவலி.

கெட்லைன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட சி நூலில் இந்தப் பெயரில் ஒரு செயற்கூறு உண்டு. எழுத்து அணி ஒன்றையும் அதன் வரம்பையும் வாங்கிக்கொண்டு வரியின் நீளத்தைத் திருப்பித் தரும். அந்த நூலில் சி கற்றவர்கள் பலர் தங்கள் நிரல்களிலும் அதே பெயரை வைத்தார்கள். குனு நூலகத்தில் இதே பெயரில் மூன்று அளபுருக்கள் கொண்ட வேறொரு செயற்கூறு இருந்தது. யூனிக்ஸ் வகைத் தளங்களுக்கான பாசிக்ஸ் தரம் 2008இல் அதை ஏற்றபின், ஹெடர் கோப்பு அதை எவரும் கேளாமலே அறிவிக்கத் தொடங்கியது. பழைய நிரல்கள் ஓர் எழுத்தும் மாறாமலே கட்டப்பட முடியாமல் நின்றன. சொந்தச் செயற்கூறின் பெயரை மாற்றுவதே இதற்குச் சரியான மருந்து.

கம்பைலர் பிழை காட்டினால் நாம் தப்பித்தோம் என்றே கொள்ளவேண்டும். முரணான அறிவிப்புகள் வெவ்வேறு கோப்புகளில் இருந்தால் கம்பைலர் கண்ணில் படாது. கட்டிய கோப்புகளை இணைக்கும் சி லிங்கர் பெயரை மட்டும் பார்க்கும், வகையைப் பார்க்காது. எடுத்துக்காட்டாக, நினைவக இடம் ஒதுக்கும் மால்லாக் முழு எண் தருவதாகக் கொண்டு எழுதப்பட்ட பழைய நிரல், 64 பிட் கணினியில் பாயிண்டரின் மேல் பாதியை இழந்து, ஓடும்போதுதான் விழும்.

தளங்களுக்கு இடையிலான இத்தகைய வேறுபாடுகளைக் கண்டறிய, 1991இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் கருவி, இயங்குதளத்தின் பெயரை நம்பாமல் சிறு சோதனை நிரல்களைக் கட்டிப் பார்க்கிறது. இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்தறிவது முக்கியம்: செயற்கூறு நூலகத்தில் இருக்கிறதா? ஹெடர் அதை அறிவிக்கிறதா? முதல் கேள்விக்கு ஆம் என்றதும் இரண்டாவதையும் ஆம் என்று எண்ணுவதில்தான் பாதிக் குழப்பமும் பிறக்கிறது. ஹெடர் அறிவிக்காதபோது மட்டுமே நாமாக அறிவிக்கவேண்டும்.

சில செயற்கூறுகளுக்கு வடிவமே இடத்துக்கு இடம் வேறு. பிழை எண்ணுக்குரிய செய்தியைத் தரும் ஸ்ட்ரெரர்-ஆர், பாசிக்ஸில் முழு எண் தரும்; குனுவில் எழுத்துப் பாயிண்டர் தரும். குனு வடிவம் நாம் கொடுத்த இடத்தில் எதையும் எழுதாமலே போகலாம் என்பதால், திரும்பி வரும் மதிப்பைப் பயன்படுத்தியே ஆகவேண்டும். எழுத்துக் குறிமுறைகளை மாற்றும் ஐகான்வ் செயற்கூறின் இரண்டாம் அளபுருவில் சில தளங்கள் கான்ஸ்ட் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. இதைக் கண்டறியும் சோதனை அழகானது: ஹெடரைச் சேர்த்துவிட்டு, கான்ஸ்ட் இல்லாத அறிவிப்பை வேண்டுமென்றே மறுபடி எழுதுகிறது. கம்பைலர் ஏற்றால் கான்ஸ்ட் இல்லை; முரண் என்று மறுத்தால் உண்டு. விடை ஒரு மேக்ரோவில் பதிவாகிறது.

அடைப்புக்குறிக்குள் ஒன்றுமில்லாத பழைய பாணி அறிவிப்புகள் நெடுங்காலம் ஏறக்குறைய எந்த அளபுருவோடும் ஒத்துப்போயின. சி23 தரத்தில் வெற்று அடைப்புக்குறி அளபுருவே இல்லை என்று பொருள்படும். 2025இல் வந்த ஜிசிசி 15 கம்பைலர் இந்தத் தரத்தையே முன்னிருப்பாகக் கொள்வதால், சூழல் மாறியின் மதிப்பைத் தரும் கெட்என்வ் போன்றவற்றை அந்தப் பாணியில் அறிவித்த பழைய நிரல்கள் இப்போது முரண் பிழையோடு நிற்கின்றன.