வானொலி இசைப் போட்டியும் ஒரு நாயனக்காரரும்

என் பேரன் போன வாரம் டெலிவிஷனில் ஒரு பாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தான். பாடுகிற பிள்ளை ஒன்று, அழுகிற அம்மா ஒன்று, கண் கூசும் விளக்குகள். "தாத்தா, உங்க காலத்தில் இதெல்லாம் இருந்ததா?" என்று கேட்டான். இருந்தது என்றேன். விளக்கும் இல்லை, அழுகையும் இல்லை, பாடுகிறவர் முகம்கூட யாருக்கும் தெரியாது என்றேன். அவன் நம்பவில்லை. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அமிர்திப் பக்கம் என் வயதொத்தவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ நினைவிருக்கும். சாயங்காலமானால் கூம்பு ஒலிபெருக்கி கரகரவென்று தொண்டையைச் சரிசெய்துகொள்ளும். சொந்த ரேடியோ வாங்கியவர்கள் லைசென்ஸ் எடுக்க வேண்டும், வருஷத்துக்கு 15 ரூபாய். அதைக் கட்டும் இடம் தபாலாபீஸ். நான் வேலை பார்த்தது தபால் இலாகாவில் என்பதால், எந்த ஊரில் யார் வீட்டில் ரேடியோ இருக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. லைசென்ஸ் கட்டாமல் கேட்டவர்கள் யார் என்பதும்தான். அதை இப்போது சொல்ல வேண்டாம்.

1938 ஜூன் மாதம் சென்னை நிலையமும், 1939 மே மாதம் திருச்சி நிலையமும் தொடங்கின. அதற்கு முன்பு ஒரு வித்துவானை நாலு பேர் அறிய வேண்டுமானால் கோயில் உற்சவம், ஜமீன்தார் வீட்டுக் கல்யாணம், இல்லாவிட்டால் சென்னை சபாக்கள். சங்கீத வித்வத் சபை 1928-இலும் தமிழ் இசைச் சங்கம் 1943-இலும் வந்தன. நம் வேலூர்க்காரரான மிருதங்க வித்துவான் ராமபத்ரன்கூடச் சென்னைக்குப் போய்த்தான் பெயர் எடுத்தார். பிற்காலத்தில், 2004-இல், அதே வித்வத் சபை அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. சென்னைக்குப் போய்த் தங்கி, ஒரு குருவின் நிழலில் ஒதுங்கி, சபாக் காரியதரிசியின் கண்ணில் பட வேண்டும். அதற்குக் கையில் காசு வேண்டும், தெரிந்த மனிதர் வேண்டும்.

1952-இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்தார் பி.வி. கேஸ்கர். பத்து வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். தானே சங்கீதம் கற்றவர், பிடிவாதக்காரர். சினிமாப் பாட்டை வானொலியில் அவர் நெருக்கிப் பிடித்ததால் நாமெல்லாம் இலங்கை வானொலிக்குத் தாவினோம். வேறு வழியில்லாமல் 1957-இல் விவித பாரதியைத் தொடங்கி ஜனங்களைத் திரும்ப அழைத்தார்கள். இதற்காக அவரைத் திட்டாதவர்கள் இல்லை, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அவர் செய்த இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

1952-இல் டில்லியில் 'வாத்ய விருந்தா' என்ற தேசிய வாத்தியக் குழு அமைந்தது. (சின்ன வயதில் 'வாத்திய விருந்து' என்றே என் காதில் விழும். அர்த்தம் பொருந்தித்தானே போகிறது!) வடக்கத்திய சங்கீதத்துக்கு ரவிசங்கர், நம் சங்கீதத்துக்கு டி.கே. ஜெயராமய்யர் என்று நடத்துநர்கள். பின்னால் புல்லாங்குழல் பன்னாலால் கோஷும் வீணை ஈமனி சங்கர சாஸ்திரியும் அந்தப் பொறுப்பில் இருந்தார்கள். ஆளுக்கு ஆள் தன் மனோதர்மப்படி வாசித்துப் பழகிய நம் வித்துவான்களை ஒரே வரிசையில் உட்காரவைத்து, எழுதிவைத்த ஸ்வரத்தை ஒன்றாக வாசிக்கச் சொல்வது லேசான காரியமா? அந்தக் குழு வாசித்த எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீணையும் குழலும் சிதாரும் சேர்ந்து ஒலித்ததை முதலில் கேட்டது அந்தப் பஞ்சாயத்து ஒலிபெருக்கியில்தான்.

1954-இல் வானொலி சங்கீத சம்மேளனம் தொடங்கியது. அதை ஒட்டி இளைஞர்களுக்கான இசைப் போட்டியும் வருஷா வருஷம் நடக்க ஆரம்பித்தது. 16 வயது முதல் 24 வயது வரை உள்ளவர்கள், வானொலியில் ஏற்கெனவே கிரேடு வாங்காதவர்கள், யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். முதல் சுற்று பக்கத்து நிலையத்தில், கடைசித் தீர்ப்பு டில்லியில். இங்கிலாந்தில் பி.பி.சி. இளம் இசைக் கலைஞர் போட்டியைத் தொடங்கியது 1978-இல்தான். இந்த ஒரு விஷயத்தில் நாம் இருபது வருஷத்துக்கு மேல் முந்திக்கொண்டோம்.

பரிசைவிடப் பெரிது அதற்குப் பின்னால் வருவது. வானொலியில் பாடுகிறவர்களுக்கு 'பி', 'பி ஹை', 'ஏ', 'ஏ டாப்' என்று கிரேடு உண்டு, அதற்கேற்ற சன்மானமும் உண்டு. அந்தக் கிரேடு வாங்கச் சாதாரணமாக ஒலித்தேர்வுக்குப் போக வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் பாடுகிறவர், அந்தப் பக்கம் கேட்கிறவர்கள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். இன்னார் மகன், இன்னார் சிஷ்யன், இன்ன ஜாதி என்ற கணக்கு அங்கே செல்லாது என்பது ஏற்பாடு. பெரிய வித்துவான்களே 'எங்களுக்குப் பரீட்சையா?' என்று முகம் சுளித்தார்கள். போட்டியில் ஜெயித்த பிள்ளைக்கு வாசல் தானாகத் திறந்தது. அதிர்ஷ்டமும் சேர்ந்தால் 'நிலைய வித்துவான்' ஆகலாம். மாதச் சம்பளம்! ஆனி, ஆவணியில் சம்பாதித்து மார்கழியில் கடன் வாங்குகிற குடும்பத்துக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

வானொலியின் காது எப்போதும் நடுநிலையானது என்று சொல்லிவிட முடியாது. 1940 முதல் பல வருஷம் ஆர்மோனியத்தை உள்ளேயே விடவில்லை. சர்தார் படேல் அந்த இலாகாவைப் பார்த்த காலத்தில், சொந்த வாழ்க்கை சரியில்லை என்று காரணம் காட்டிப் பரம்பரைப் பாடகிகள் பலரை வெளியே நிறுத்தினார்கள். யாருடைய சங்கீதத்தை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்களோ, அந்தச் சங்கீதத்துக்கே அவர்கள் ஆகாதவர்களாகப் போனார்கள். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இனி நாயனக்காரர் கதை. 1976-இல் நான் வேலை பார்த்த கிளைக்கு ஒரு பையன் வந்தான். மலையடிவாரக் கிராமம், மேளக்காரக் குடும்பம். விடியற்காலையில் நாகநதிக் கரையில் அவன் சாதகம் செய்வதை, கணியம்பாடி போகும் முதல் பஸ்ஸில் இருந்தே நான் கேட்டிருக்கிறேன். கரகரப்பிரியாவை இழுத்தானானால் பஸ்ஸில் பேச்சு நின்றுவிடும். போட்டி அறிவிப்பை ரேடியோவில் கேட்டுவிட்டு, "விண்ணப்பம் எழுதித் தர்றீங்களா சார்?" என்று வந்து நின்றான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். பெயர், தகப்பனார் பெயர், வாத்தியம், குரு. பிறந்த தேதி என்ற இடத்தில் பள்ளிச் சான்றிதழை நீட்டினான். கணக்குப் போட்டேன், மறுபடி போட்டேன். 25 முடிந்திருந்தது.

"இல்ல சார், எனக்கு 23-தான். ஆடிக் கிருத்திகையில பொறந்தேன்னு அம்மா சொல்வாங்க" என்றான்.

சான்றிதழில் இருந்தது ஜூன் 1. என்ன நடந்தது என்பது நம் தலைமுறைக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். இவன் வயதுக்கு மீறி வளர்ந்தவன், கை எட்டிவிட்டது. ஐந்து வயது என்று ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். நம்மில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள். என் ரிட்டையர்மெண்டும் ஒரு வருஷம் முன்னாலேயே வந்தது அப்படித்தான்.

திருத்தம் வாங்குவதற்குள் கடைசித் தேதி போய்விடும். "தம்பி, ஒலித்தேர்வுக்கு வயசு வரம்பு தடை இல்லை, அதற்கு எழுதலாம்" என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டுப் போனான். அந்த வருஷம் அவன் தகப்பனார் விழுந்து இடுப்பு ஒடிந்தது. அதன்பின் குழுவை நடத்தும் பொறுப்பு இவன் தலையில். ஒத்துக்காரனுக்கும் தவில்காரனுக்கும் கூலி தேடவே நாள் சரியாக இருந்தது. விண்ணப்பத்தைப் பற்றி அவன் மறுபடி பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

1994-இல் என் மகள் கல்யாணத்துக்கு அவரைத்தான் அழைத்தேன். (அதற்குள் 'அவர்' ஆகிவிட்டிருந்தார், காதோரம் நரை.) வேலூரில் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தேன். அச்சகத்தில் நாதஸ்வரம் என்றாலே முன்னால் 'வானொலிப் புகழ்' என்று போட்டுத்தான் பழக்கம். யாரையும் கேட்காமல் இவர் பெயருக்கும் போட்டுவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மெய்ப்புத் தாளை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இந்த ரெண்டு வார்த்தைய எடுத்துடச் சொல்லுங்க சார்" என்றார். பிறகு சீவாளியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.