உள்ளே வர ஒரே வழி

உப்பு வாங்கத்தான் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனீர்கள். வெளியே வரும்போது கையில் இரண்டு பை. பில்லைப் பார்த்துவிட்டு உங்களையே நொந்துகொள்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். நொந்துகொள்ள வேண்டிய ஆள் வேறு. பெயர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். ஊர், அமெரிக்காவின் மெம்ஃபிஸ்.

அவர் காலத்து அமெரிக்க மளிகைக் கடையும் நம் அண்ணாச்சி கடை மாதிரிதான். சரக்கெல்லாம் கவுன்ட்டருக்குப் பின்னால். கேட்டதைக் கடைப் பையன் எடுத்துக் கட்டிக் கொடுப்பான். கேட்டது மட்டும்தான் வீட்டுக்குப் போகும். சாண்டர்ஸுக்கு அதுதான் உறுத்தியது. போதாக்குறைக்கு, இத்தனை பையன்களுக்கும் சம்பளம் தர வேண்டும்!

1916, செப்டம்பர் 6. பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். வாசலில் சுழலும் தடுப்பு. கையில் ஒரு கூடை. வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. பாதை ஒன்றே ஒன்று. வளைந்து வளைந்து எல்லா அலமாரிகளையும் காட்டிவிட்டுத்தான் கேஷியரிடம் கொண்டுபோய் விடும். உப்பு கிடைத்துவிட்டதே, கிளம்பலாம் என்றால்? ம்ஹூம்.

இது தற்செயல் இல்லை. 1917-ல் இந்தக் கடை அமைப்புக்கே பேட்டன்ட் வாங்கிவிட்டார் மனிதர். மொத்தச் சரக்கையும் வாடிக்கையாளர் பார்த்தாக வேண்டும் என்பதை அதில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியும் வைத்தார்.

ஜனங்களுக்கும் லாபம் இருந்தது. ஆள் செலவு குறைந்ததால் விலை குறைந்தது. ஏழு வருடத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். 1923-ல் பங்குச் சந்தையில் மோதி, சாண்டர்ஸ் கம்பெனியையே இழந்தார். அவர் போட்ட பாதை மட்டும் அழியவில்லை.

எங்கே போனது? உங்கள் செல்போனுக்குள்.

2023 ஜூனில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அமேசான் மீது வழக்குப் போட்டது. பிரைம் சந்தாவில் சேருவது சுலபம், விலகுவதற்குப் பக்கம் பக்கமாகத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பது புகார். விலகும் வழிக்கு கம்பெனிக்குள் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? இலியட். டிராய் யுத்தத்தைப் பாடும் நீ...ண்ட கிரேக்கக் காவியம்! தவறு செய்ததாக அமேசான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தருவதாகச் சொல்லி வழக்கை முடித்துக்கொண்டது.

சாண்டர்ஸ் கடையில் தடுப்பு கண்ணுக்குத் தெரிந்தது. மரச்சட்டம், கம்பி, சுழல் வாசல். முட்டிக்கொண்டால் வலிக்கும், புரிந்துவிடும். செல்போன் திரையில் எதுவும் முட்டுவதில்லை. அங்கே பெரிதாகப் பளிச்சென்று தெரியும் பட்டன், அவர்கள் உங்களை நடக்கச் சொல்லும் பாதை. அடுத்த முறை அதைத் தொடும் முன், வெளியே போகும் வழி எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிஷம் தேடிப் பாருங்கள்.