சேலத்துத் திரைமரபும் ஊர்த் திரைவிழாவும்: மேச்சேரிப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் சென்னையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் தமிழில் முதல் இரட்டை வேடப் படமாகக் கருதப்படும் 'உத்தமபுத்திரன்' (1940), முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938), அம்மொழியின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) ஆகிய நான்கும் சென்னையில் இயங்கிய நிறுவனங்களின் தயாரிப்புகள் அல்ல. நான்கையும் தயாரித்தது சேலத்தில் ஏற்காட்டுச் சாலையில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ்.

தலைநகருக்கு வெளியே இருந்ததால்தான் சேலத்துப் படத்தொழில் தனித்தன்மை பெற்றது; அதன் தடயங்கள் கேட்பாரற்று அழிந்ததற்கும் அதுவே காரணம். இக்கருத்தை நிறுவுவதும், அந்த மரபைக் காக்க ஓர் ஊர்த் திரைவிழா எவ்வாறு துணை நிற்க முடியும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம். சேலம் நகரோடு நின்றுவிடாமல், படங்களைப் பார்த்து வாழவைத்த மேச்சேரி வட்டாரத்தையும் இக்கட்டுரை கணக்கில் கொள்கிறது.

பேசும்படத்துக்கு முந்தைய களம்

ஓமலூருக்கும் மேட்டூருக்கும் இடையே அமைந்த மேச்சேரி, செம்மறியாட்டினத்துக்கும் பத்திரகாளியம்மன் கோயிலுக்கும் பெயர் பெற்ற ஊர். மானாவாரி வேளாண்மை, ஆடு வளர்ப்பு, நெசவு ஆகியவை இவ்வட்டாரத்தின் பிழைப்பு. தெருக்கூத்தும் பொம்மலாட்டமும் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடந்தன. சினிமா வருவதற்கு முன்பே இரவு முழுக்க விழித்திருந்து கதை பார்க்கும் பழக்கம் இங்கு வேரூன்றியிருந்தது. பக்கத்து ஜலகண்டபுரத்திலிருந்து ப. கண்ணன் என்ற திராவிட இயக்க நாடக ஆசிரியர் உருவானதும் இந்த நிகழ்த்துகலைச் சூழலிலேயே.

திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் அரங்கை நிறுவினார். கொங்குப் பகுதியில் சினிமா வேர்பிடிக்க இது வழிவகுத்தது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1937-ல் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. மேட்டூர் கெமிக்கல்ஸ் போன்ற ஆலைகள் வந்தன. மாதச் சம்பளம் வாங்கும் தொழிலாளர் கூட்டமொன்று மேச்சேரிக்கு அருகிலேயே உருவாயிற்று. சினிமாவுக்கு வேண்டிய மின்சாரமும் பார்வையாளரும் ஒரே பத்தாண்டில் இங்கு வந்து சேர்ந்தனர்.

ஏஞ்சல் பிலிம்சிலிருந்து மாடர்ன் தியேட்டர்ஸ் வரை

திருச்செங்கோட்டில் 1907-ல் நெசவுத் தொழிற் குடும்பத்தில் பிறந்தவர் டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் துணித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய அவர், எஸ்.எஸ். வேலாயுதம் பிள்ளையுடன் சேர்ந்து ஏஞ்சல் பிலிம்ஸ் வழியாகப் படத்தொழிலில் இறங்கினார். 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'துருவா', 'நல்லதங்காள்' ஆகியவை அந்நிறுவனத்தின் தொடக்ககாலப் படங்கள். அன்று தமிழ்ப் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போக வேண்டியிருந்தது. நடிகர்கள், பாட்டு வாத்தியார், சமையற்காரர் வரை மொத்தக் குழுவும் ரயிலேறிப் போய் மாதக்கணக்கில் தங்கியது. அந்தச் செலவையும் அலைச்சலையும் கண்ட சுந்தரம், சொந்த மண்ணிலேயே ஸ்டுடியோ அமைக்க முடிவு செய்தார். 1930-களின் நடுவில் மாடர்ன் தியேட்டர்ஸ் உருவாயிற்று. 'சதி அகல்யா' (1937) அதன் முதல் படம்.

படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக்கூடம், படச்சுருள் கழுவும் லேப், படத்தொகுப்பு அறை யாவும் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. கலைஞர்களும் தொழில்நுட்பர்களும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தனர். 'முதலாளி' என்று அழைக்கப்பட்ட சுந்தரத்தின் நேரக் கண்டிப்பு படத்துறையில் பிரசித்தம். துணி ஆலையின் ஒழுங்கைப் படத்தொழிலுக்குக் கொண்டுவந்தவர் அவர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஒரே நிறுவனம் எடுக்க முடிந்ததற்கு இந்த ஒழுங்கே அடிப்படை.

சென்னையின் போட்டிச் சூழலிலிருந்து விலகியிருந்ததால் பிறமொழிச் சந்தைகளின் பக்கமும் நிறுவனம் துணிந்து கைநீட்டியது. எஸ். நொட்டானி இயக்கத்தில், கே.கே. அரூர் நடிப்பில் வந்த 'பாலன்' 1938 ஜனவரி 19-ல் வெளியானது. மலையாளத் திரையின் பேசும் வரலாறு சேலத்திலிருந்து தொடங்குகிறது. தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களப் படங்களும் இந்நிறுவனத்தின் பெயரில் வந்தன. அமெரிக்க நிறுவனத்துடன் சேர்ந்து 'தி ஜங்கிள்' (1952) என்ற ஆங்கிலப் படத்தையும் சுந்தரம் தயாரித்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்த 'பர்மா ராணி'யை இயக்கியதோடு அதில் ஜப்பானிய அதிகாரியாகவும் நடித்தார்.

தமிழ் இலக்கியம் திரைக்கு வந்த வழி

இந்நிறுவனத்தின் படப் பட்டியலை வரிசையாகப் பார்த்தால், பேசப்படாத ஒரு போக்கு தெரியவரும். பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகம் 'மனோன்மணி' (1942) ஆயிற்று. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 'பொன்முடி' (1950) ஆயிற்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல் 'திகம்பர சாமியார்' (1950) ஆயிற்று. 'வளையாபதி'க்கு (1952) வசனம் எழுதப் பாரதிதாசனே அழைக்கப்பட்டார். புராணக் கதைகளோடு தொடங்கிய ஸ்டுடியோ, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழிலக்கியத்தைத் தன் கதைக் கருவூலமாக்கிக்கொண்டது.

'மந்திரி குமாரி' (1950) இப்போக்கின் உச்சம். எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்க, எம்.ஜி.ஆர். நடிக்க, மு. கருணாநிதி வசனம் எழுதினார். குண்டலகேசிக் கதையைத் தழுவி அவர் எழுதிய நாடகமே படமாயிற்று. மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்லத் துணிகிறான் கணவன். சாவதற்கு முன் அவனை மும்முறை வலம்வர அனுமதி கேட்கிறாள் மனைவி. பணிவின் சடங்காகத் தோன்றும் அந்தச் சுற்று மூன்றாவது முறை அவன் முதுகுப்புறம் வரும்போது தீர்ப்பாக மாறுகிறது. அவள் அவனைப் பள்ளத்தில் தள்ளுகிறாள். எஸ்.ஏ. நடராஜனும் மாதுரி தேவியும் நடித்த அக்காட்சி, தமிழ்த் திரையில் பெண் பாத்திரம் தன் முடிவைத் தானே எடுத்த தருணங்களுள் முக்கியமானது. குண்டலகேசி முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களும் நீலகேசி உரைவழிக் கதையுமே எஞ்சின. அழிந்த காப்பியத்தின் உயிர்நாடியான நிகழ்வு, படிப்பறிவில்லாத லட்சக்கணக்கான மக்களிடம் ஒரு சேலத்துப் படத்தின் வழியே போய்ச் சேர்ந்தது. இலக்கிய வரலாறும் இதைப் பதிவு செய்ய வேண்டும்.

படம் பார்த்த நிலம்

படங்களின் வாழ்வு ஸ்டுடியோவில் தொடங்கினாலும் கொட்டகையில்தான் நிறைவடைந்தது. சிற்றூர்களில் டூரிங் டாக்கீஸ்களே சினிமா. மாலையில் ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். அதைக் கேட்டு அக்கம்பக்கத்துக் காடுகரைகளிலிருந்து மக்கள் கிளம்பினர். மணலைக் குவித்து மேடாக்கி உட்காரும் தரை டிக்கெட், அதன் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. புரொஜக்டர் ஒன்றே இருந்த கொட்டகையில் ரீல் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. படப்பெட்டி பஸ்ஸில் வந்திறங்கும். நோட்டீஸ் வண்டி தெருத்தெருவாகப் போகும். 1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் இக்கொட்டகைகளுக்குத் தற்காலிக உரிமமே வழங்கியது. அதனால் அவை இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன.

இவ்வட்டாரத்தின் கொட்டகை வாழ்வை எழுத்தில் ஆழமாகப் பதித்தவர் திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன். திரையரங்கில் சோடா விற்கும் சிறுவர்களை மையமாக்கிய அவருடைய 'நிழல்முற்றம்' நாவல், திரைக்கு இந்தப் பக்கம் இருந்த உழைப்பைச் சொல்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் பிறந்த அதே மண்ணிலிருந்து அந்நாவல் வந்திருப்பதால், தயாரித்தவர், பார்த்தவர் என இரு தரப்பு வரலாற்றையும் ஒருசேர ஆராயும் வாய்ப்பு சேலம், நாமக்கல் பகுதிக்குக் கிடைத்திருக்கிறது.

தளர்ச்சியும் இழப்பும்

1963-ல் சுந்தரம் மறைந்தார். அவர் மகன் ராமசுந்தரம் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) போன்ற துப்பறியும் படங்கள் நல்ல வரவேற்பைப் பெற்றன. ஆனால் நட்சத்திரங்களும் லேப்களும் விநியோகஸ்தர்களும் சென்னையில் குவிந்துவிட்டனர். கால்ஷீட் முறை வந்தபின் நடிகர்களைச் சேலத்தில் தங்கவைப்பது கடினமாயிற்று. 1970-களின் இறுதியில் வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியதும் ஸ்டுடியோத் தளங்களின் தேவையே குறைந்தது. 'வெற்றிக்கு ஒருவன்' (1979) நிறுவனத்தின் கடைசிப் படங்களுள் ஒன்று. இன்று அவ்விடத்தில் குடியிருப்புகள். நுழைவாயில் வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு படச்சுருள்களில் நேர்ந்தது. 'பாலன்' படத்தின் பிரதி எதுவும் எஞ்சவில்லை. சில புகைப்படங்களும் பாட்டுப் புத்தகமுமே மிச்சம். தென்னிந்திய மௌனப் படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' மட்டுமே புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் கிடைக்கிறது. அந்தக் காப்பகமே 1964-ல்தான் தொடங்கப்பட்டது. அதற்குள் முதற்காலப் படங்கள் பல மறைந்துவிட்டன. வெள்ளிக்காகச் சுருள்களை உருக்கியவர்களும், இடம் அடைக்கிறதென்று எறிந்தவர்களும் ஒரு பண்பாட்டையே எறிந்தார்கள்.

திரைவிழா என்னும் வழி

இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைவிழா 1952-ல் பம்பாயில் தொடங்கியது; அதன் படங்கள் சென்னைக்கும் வந்தன. 1959-ல் சத்யஜித் ராய் தலைமையில் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு உருவானது. இவை நகரத்து முயற்சிகள். கிராமத்தில் இம்மரபை நட்டவர் கர்நாடகத்தின் ஹெக்கோடு ஊரைச் சேர்ந்த கே.வி. சுப்பண்ணா. 1970-களில் நீநாசம் அமைப்பின் வழியாக உலகத் திரைப்படங்களைப் பாக்கு விவசாயிகளுக்குக் காட்டினார். கேரளத்தில் ஜான் ஆபிரகாமின் ஒடேசா இயக்கம் மக்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தது. தமிழ்நாட்டில் மதுரையில் 1998 முதல் ஆர்.பி. அமுதன் நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட விழாவும், 'நிழல்' இதழின் குறும்படப் பயிற்சிப் பட்டறைகளும், கோவையின் 'கோணங்கள்' திரைப்படக் கழகமும் இவ்வழியில் நடந்தவை.

பழைய படங்களை மீட்டுக் காட்டுவதற்கென்றே நடக்கும் விழாக்கள் உலகில் உண்டு. இத்தாலியின் பொர்தெனோனே நகரில் 1982 முதல் மௌனப்பட விழாவும், பொலோஞ்ஞாவில் 1986 முதல் மீட்டெடுத்த படங்களின் விழாவும் நடக்கின்றன. பொர்தெனோனே தலைநகரமல்ல, பெருநகரமுமல்ல. ஆயினும் உலகத்து மௌனப்பட ஆய்வாளர்கள் அங்கே கூடுகிறார்கள்.

மேச்சேரி வட்டாரத்திலேயே இதற்கு ஏற்ற முன்மாதிரி உண்டு. மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து 'மணல்வீடு' சிற்றிதழை நடத்தும் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன், கூத்துக் கலைஞர்களை ஒன்றுகூட்டி விழா எடுத்துச் சிறப்பித்து வருகிறார். கூத்துக்குச் செய்ததைச் சினிமாவுக்கும் செய்ய முடியும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, சேலத்துப் படத்தொழில் சென்னையின் கிளையாக வளரவில்லை. நெசவு மூலதனமும் நிகழ்த்துகலை மரபும் தமிழிலக்கியமும் கூடி உருவான தனி மையம் அது. இரண்டு, அம்மையம் தளர்ந்தபோது அதன் ஆவணங்களைக் காக்கும் பொறுப்பை எந்த நிறுவனமும் ஏற்கவில்லை. மூன்று, நினைவுகள் இன்னும் ஊர்க்காரர்களிடம் இருக்கின்றன. எனவே சேகரிப்பும் ஊரிலேயே தொடங்க வேண்டும்.

மேச்சேரி போன்ற ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை, திருவிழாக் காலத்தை ஒட்டி, மூன்று நாள் திரைவிழா நடத்தலாம். பகலில் மாணவர்களுக்குக் குறும்படப் பயிற்சி, பழைய புரொஜக்டர் ஆபரேட்டர்களின் வாய்மொழிப் பதிவு, பாட்டுப் புத்தகக் கண்காட்சி. இரவில் திறந்தவெளியில் ஒரு மாடர்ன் தியேட்டர்ஸ் படமும் இப்பகுதி இளைஞர்களின் புதுப்படங்களும். பெரியார் பல்கலைக்கழகமும் மாவட்ட நிர்வாகமும் முன்வந்தால் இதற்குப் பெரும் பணம் தேவைப்படாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ, கொட்டகை நோட்டீஸோ, ஸ்டுடியோவில் வேலை பார்த்த தாத்தாவின் புகைப்படமோ இருந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெயரையும் ஆண்டையும் பின்புறம் எழுதி, ஒரு நகல் எடுத்து, ஊர் நூலகத்தில் கொடுங்கள். சேலத்துச் சினிமாவின் எழுதப்படாத பக்கங்கள் அங்கிருந்துதான் எழுதப்பட வேண்டும்.