தானே கற்ற ஓவியர் ஜோர்ஜ் கீற்

ஊவாத் தோட்டங்களிலே சித்திர ஆசிரியரின்றிக் கரித்துண்டால் சுவரில் வரையும் சிறுவர் உளர். அவர்களுக்கு மலைநாட்டிலேயே ஒரு முன்னோடி உண்டு. பதுளைப் புகைவண்டி பேராதனையை அடைந்தால் அவருடைய கண்டி வெகுதூரமன்று.

1901இல் பறங்கியர் குடும்பத்திற் பிறந்த ஜோர்ஜ் கீற், ஓவியக் கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். மல்வத்தை விகாரையின் சூழலும் பௌத்த நூல்களும் அவரை ஈர்த்தன. தூரிகையை முனைந்து பிடித்ததோ இருபத்தாறாம் வயதளவில். அஜந்தாவின் கோடும் பிக்காசோவின் கோணமும் அவர் கையில் ஒன்றாயின. தானே கற்றவரைக் கல்லாதவர் என எண்ணுதல் பிழை. கீத கோவிந்தத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த புலமையாளர் அவர். 1943இல் லயனல் வென்ட் முதலியோர் கொழும்பில் அமைத்த ஓவியர் குழுவிலும் இடம்பெற்றார். 1993இல் மறைந்தார்.

பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் 1939-40இல் அவர் தீட்டிய புத்தர் சரிதத்தை வழிபடச் செல்வோர் இன்றும் காணலாம்.