ராமானுஜன் கப்பல் ஏறும் முன்: தீர்ந்த நாலு சந்தேகம், கேட்காத மூணு கேள்வி

இந்த எபிசோடுக்குக் காரணம் என் பெரியம்மா பையன். ஃபைனல் இயர் படிக்கிறான், வெளிநாட்டுல எம்.எஸ். பண்ணணும்னு ஆசை. போன மாசம் ஒரு எக்ஸல் ஷீட் அனுப்பி, "அண்ணா, பார்த்துச் சொல்லுங்க"ன்னான். யுனிவர்சிட்டி ரேங்க், ஃபீஸ், லோன் வட்டி, படிச்சு முடிச்சா கிடைக்கிற சம்பளம்னு பதினாலு காலம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எல்லாம் சரியா நடந்தா என்ன ஆகும்னு மட்டும் டெஸ்ட் பண்ணின கோடு மாதிரி இருந்துச்சு. எதாவது ஒண்ணு உடைஞ்சா என்ன ஆகும்னு ஒரு காலம்கூட இல்லை.

அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தப்போ எனக்கு ஞாபகம் வந்தது நம்ம ராமானுஜன். அவரோட கணிதத்தைப் பத்தி நிறையப் பேர் பேசியாச்சு. நான் இன்னிக்கு அவரை ஒரு வெளிநாட்டு மாணவராக மட்டும் பார்க்கப் போறேன்.

1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுகத்துல மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கிட்டிருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதுறார். ஹார்டி அசந்து போய், இவரை இங்கிலாந்துக்கு வரவழைக்க முயற்சி எடுக்கிறார். முதல்ல ராமானுஜன் மறுத்துட்டார். கடல் தாண்டக் கூடாதுங்கிறது அவங்க வீட்டு ஆசாரம், அம்மா கோமளத்தம்மாள் சம்மதிக்கலை. அந்த வருஷம் மே மாசம் சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்துச்சு. இங்கேயே இருந்து ஆராய்ச்சி பண்ணலாம்னு ஆச்சு.

1914 தொடக்கத்துல நெவில்னு ஒரு கணித ஆசிரியர் டிரினிட்டியில இருந்து சென்னைக்குச் சொற்பொழிவு கொடுக்க வந்தார். எப்படியாவது ராமானுஜனைச் சம்மதிக்க வைக்கணும்னு ஹார்டி அவர்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தார். நெவிலுக்கு அப்போ வயசு 25, ராமானுஜனுக்கு 26. அதாவது, இன்னிக்கு நாம லிங்க்ட்இன்ல தேடிப் பிடிச்சுக் கேள்வி கேட்போமே ஒரு சீனியர், கிட்டத்தட்ட அந்த மாதிரி ஆள். இந்த நேரத்துல ராமானுஜனோட மனசும் மாறியிருந்துச்சு. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவுல வந்து, மகனைத் தடுக்காதேன்னு அம்மாகிட்ட சொன்னதா ஒரு பேச்சு உண்டு.

மிச்சம் இருந்தது நடைமுறைச் சந்தேகங்கள். நெவில் நாலு சந்தேகத்தையும் தீர்த்து வைக்கிறார். பணம்? கவலைப்பட வேண்டாம். இங்கிலீஷ்? உங்க இங்கிலீஷ் போதும். சைவச் சாப்பாடு? யாரும் குறுக்கே வர மாட்டாங்க. பரீட்சை? எழுத வேண்டியதே இல்லை. கணக்கைத் தவிர மத்த பாடங்கள்ல கோட்டை விட்டு, கும்பகோணம் அரசுக் கல்லூரி, பச்சையப்பன்னு ரெண்டு இடத்துலயும் எஃப்.ஏ. முடிக்க முடியாதவர் ராமானுஜன். அந்தக் கடைசிப் பதில் அவருக்கு எவ்வளவு பெருசா இருந்திருக்கும்!

நெவில் பொய் சொல்லலை. சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு கொடுத்துச்சு, கப்பல் செலவும் துணிமணிச் செலவும் தனி. அந்த 250-ல 50 பவுண்டு ஊர்ல குடும்பத்துக்கு. டிரினிட்டி தன் பங்குக்கு வருஷம் 60 பவுண்டு சேர்த்துச்சு. சிக்கனமான மனுஷன், மிச்சமே பிடிச்சார். 1916 மார்ச்ல பரீட்சை எழுதாம, ஆராய்ச்சிக் கட்டுரைக்கே பி.ஏ. பட்டம் வாங்கினார்.

அப்புறம் என்னதான் தப்பாச்சு?

புறப்படுறதுக்கு முன்னாடி குடுமியை வெட்டினாங்க. அம்மா அதைப் பார்க்க வேண்டாம்னு அவங்களையும் மனைவி ஜானகியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு ரயில் ஏத்தி விட்டாச்சு. மார்ச் 17-ம் தேதி நெவாசா கப்பல்ல கிளம்பி, ஏப்ரல் 14 லண்டன். நெவிலே துறைமுகத்துக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போனார். கொஞ்ச நாள் நெவில் வீட்டுல தங்கிட்டு, அப்புறம் கல்லூரி அறைக்கு மாறினார்.

அங்கதான் யாரும் கேட்காத முதல் கேள்வி வருது: அந்த அறையில எப்படி வாழுறது? பின்னாடி இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கின மகலனோபிஸ் அப்போ கேம்பிரிட்ஜ்ல மாணவர். அவர் ஒருநாள் ராமானுஜனைப் பார்க்கப் போனா, மனுஷன் நடுங்கிக்கிட்டிருக்கார். ராத்திரி ஓவர்கோட்டைப் போட்டுக்கிட்டு, மேல ஒரு சால்வையைப் போத்திக்கிட்டுத் தூங்குறாராம். மகலனோபிஸ் போய்ப் பார்த்தா, கட்டில்ல போர்வை எல்லாம் இருக்கு! மேல் விரிப்புக்குக் கீழே ஓரத்தை மடிச்சுச் சொருகி வெச்சிருக்காங்க. அதை விலக்கிட்டு உள்ளே படுக்கணும்னு இவருக்குத் தெரியலை, யாரும் சொல்லவும் இல்லை. அந்த ஊர்க்காரங்களுக்கு அது சொல்லித்தர வேண்டிய விஷயமாவே தோணியிருக்காது. கடைசியில காட்டிக் கொடுத்தது இன்னொரு இந்திய மாணவர்.

அப்புறம் போர். அவர் போய் நாலே மாசத்துல, ஆகஸ்ட் 1914-ல முதல் உலகப் போர். நெவில் சாப்பாடு பத்திச் சொன்னது உண்மைதான், யாரும் குறுக்கே வரலை. ஆனா சைவச் சாப்பாடு கிடைக்கிறதே பாடாச்சு. தானே சமைச்சார். புளியும் தேங்காயெண்ணெயும் பார்சல்ல அனுப்பச் சொல்லி ஊருக்கு எழுதினார். கணக்குல மூழ்கிட்டா நேரத்துக்குச் சாப்பிடுறதும் இல்லை. நினைச்சப்போ ஊருக்கு வந்துட்டுப் போகவும் போர் விடலை.

ரெண்டாவது கேள்வி: உடம்பு முடியலைன்னா? 1917-ல விழுந்தார். வயித்துப் புண், புத்துநோய், காசநோய்னு டாக்டருக்கு டாக்டர் ஒண்ணு சொன்னாங்க. காசநோய்னு சேனடோரியத்துக்கு அனுப்பினாங்க. அந்தக் காலத்துல அதுக்கு வைத்தியமே ஜன்னலைத் திறந்து வெச்சுக் குளிர்காத்து வாங்குறது. குளிர் தாங்காத மனுஷனுக்கு அதுதான் மருந்து! 1994-ல ஒரு ஆய்வாளர் பழைய குறிப்புகளை அலசி, அது கல்லீரலைத் தாக்கின அமீபா நோயா இருக்கலாம்னு எழுதினார். ராமானுஜனுக்கு 1906-லேயே சீதபேதி வந்திருக்கு. அந்தக் கோணத்துல பார்த்திருந்தா அப்பவே வைத்தியம் பண்ணியிருக்கலாமோன்னு ஒரு வாதம். உறுதியாச் சொல்ல இனி வழியில்லை.

மூணாவது கேள்வி: வீட்டோட எப்படிப் பேசுறது? ஜானகி எழுதின கடிதங்களை மாமியார் அனுப்பவே விடலைன்னு பின்னாடி தெரிஞ்சது. ஒரு கட்டத்துல இவரும் வீட்டுக்கு எழுதுறதை நிறுத்திட்டார். தினமும் கூட உட்கார்ந்து கணக்குப் போட்ட ஹார்டிக்கே இது ரொம்ப நாள் தெரியாது.

1918-ல ராயல் சொசைட்டி ஃபெல்லோ, அதே வருஷம் டிரினிட்டி ஃபெல்லோ. எக்ஸல் ஷீட் கணக்குப்படி முழு வெற்றி. 1919 மார்ச்ல ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26, சென்னை சேத்துப்பட்டுல இறந்தார். வயசு 32.

போயிருக்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. போகலைன்னா அந்தக் கணிதத்துல பாதி உலகத்துக்கு வந்து சேர்ந்திருக்காது. நான் சொல்றது, அட்மிஷனுக்கான கேள்விகள் வேற, அங்க உயிர் வாழுறதுக்கான கேள்விகள் வேற. முதல் வகைக்குப் பதில் சொல்ல ஏஜென்ட் இருக்காங்க, வெப்சைட் இருக்கு. ரெண்டாவது வகையை நாமதான் கேட்கணும்.

அதனால தம்பிக்கு மூணு காலம் சேர்க்கச் சொன்னேன். ஒண்ணு: அந்த ஊர்ல இப்போ படிக்கிற, நம்ம ஊர்ல இருந்து போன ரெண்டு பேர்கிட்ட போன்ல பேசு. ரேங்க் கேட்காதே. ஹீட்டர் பில் யார் கட்டுறாங்க, ஜனவரியில என்ன சமைக்கிறீங்கன்னு கேளு. ரெண்டு: சின்ன வயசுல இருந்து வந்த நோய், ஆபரேஷன், அலர்ஜி எல்லாத்தையும் ஒரே பக்கத்துல இங்கிலீஷ்ல எழுதி எடுத்துக்கோ. இன்ஷூரன்ஸ் எதுக்குப் பணம் தரும், எதுக்குத் தராதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடி படி. பிரிட்டன்னா விசாவோட சேர்த்து மருத்துவக் கட்டணம் கட்டினா மட்டும் போதாது, போன வாரமே ஜி.பி. கிளினிக்ல பேரைப் பதியணும். மூணு: வாரத்துல எந்த நாள் வீட்டுக்குப் பேசுவேன்னு முடிவு பண்ணு. நல்லா இல்லைன்னா "நல்லா இல்லை"ன்னு சொல்ல ஒரு ஆளை வெச்சுக்கோ. அம்மாகிட்ட சொல்ல முடியலைன்னா என்கிட்ட சொல்லு. அவசரமாத் திரும்பி வர டிக்கெட் காசை மட்டும் தனியா வை, அதைத் தொடாதே.

ஷீட்டைத் திருத்தி அனுப்பிட்டான். லிஸ்ட்ல முதல்ல இருந்த யுனிவர்சிட்டி இப்போ மூணாவது இடத்துல இருக்கு.

அடுத்த எபிசோடுல, 1883-ல கல்கத்தாவுல இருந்து அமெரிக்காவுக்கு மருத்துவம் படிக்கக் கிளம்பின ஆனந்திபாய் ஜோஷி. கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த ஊர்ப் பெண்மணி ஒருத்தரோட கடிதம் எழுதிப் பழகிட்டுப் போனவங்க. அதுவரைக்கும், உங்க வீட்டுல யாராவது கிளம்புறாங்கன்னா இந்த மூணு கேள்வியையும் கேட்டுப் பாருங்க.